துத்தநாகத்தின் வேடத்தில் ஒரு நஞ்சு

காட்மியம் 321 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். தங்கம் உருகவே 1,064 டிகிரி வேண்டும். நகைப் பட்டறைக்குள் காட்மியம் நுழைந்தது இந்த இடைவெளியால்தான். கண்ணிகளை இணைக்கும் இடத்தில் தங்கத்தோடு காட்மியம் கலந்த பொடியை வைத்து ஊதினால், நகை உருகாது. பொடி மட்டும் இளகி ஓடி இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். செம்பும் வெள்ளியும் அதிகம் கலந்த பழைய பொடி நகையின் மாற்றைக் குறைத்தது. நூற்றுக்கு 92 பங்கு தங்கமும் 8 பங்கு காட்மியமும் கொண்ட புதிய பொடியில் அந்தக் குறை இல்லை. நகைக்கடைகளில் ‘கேடிஎம் நகை’ என்று பெயர் வாங்கியது இதுவே. இணைப்பில் தங்கிய காட்மியம் தங்கத்துக்குள் கட்டுண்டு கிடந்தது. தங்காத காட்மியம் ஊதுகுழல் தீயில் ஆவியாகி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து காட்மியம் ஆக்சைடு புகையாக மாறி, வேலையின் மேல் குனிந்திருந்த பத்தரின் மூச்சோடு உள்ளே போனது.

பட்டறை ஒரு வழி மட்டுமே. துத்தநாகத் தாதுவை உருக்கும் ஆலைகள், நிக்கல்-காட்மியம் மின்கலத் தொழிற்சாலைகள், காட்மியம் பூசிய இரும்பைத் தீயால் அறுக்கும் இடங்கள் என இந்த உலோகம் காற்றில் கலக்கும் இடங்கள் பல. தொழிற்சாலைப் பக்கமே போகாதவர்களுக்கு அது வருவது சிகரெட்டில். புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை வேரால் இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ 1 முதல் 2 மைக்ரோகிராம் காட்மியம் இருக்கிறது. பற்றவைத்ததும் அதில் ஒரு பங்கு ஆவியாகிப் புகையோடு நுரையீரலுக்குச் செல்கிறது. உணவோடு குடலுக்குப் போகும் காட்மியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே உடலில் சேரும். மூச்சோடு ஆழத்துக்குப் போனதிலோ கால் பங்கு முதல் பாதி வரை உடலில் தங்கிவிடும். ஒரே உலோகம் வாயைவிட மூக்கின் வழியாக வரும்போது பல மடங்கு கொடியதாவதற்கு நுரையீரலின் அமைப்பே காரணம்.

தீயில் பிறக்கும் புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மூக்கு மயிரும் மூச்சுக்குழாய்ச் சளியும் தடுத்து நிறுத்துவது பெரிய தூசியைத்தான். இந்த நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் கிளைகள் அனைத்தையும் கடந்து காற்றுநுண்ணறைகளில் போய் அமர்கின்றன. ஒருவரது இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 48 கோடி நுண்ணறைகள் உண்டு. அவற்றை விரித்துப் பரப்ப முடிந்தால் 750 சதுர அடி வீட்டின் தரையையாவது மூடும். அந்தப் பரப்பில் நூற்றுக்கு 95 பங்கை மூடியிருப்பவை ‘முதல் வகை’ செல்கள். ஆக்சிஜன் தடையின்றி ரத்தத்துக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே இவை நம்ப முடியாத அளவுக்கு மெலிந்து தட்டையாகக் கிடக்கின்றன. அந்த மென்மைக்கு விலையும் உண்டு: இவற்றால் பிரிந்து பெருக முடியாது. மூலைகளில் உருண்டு திரண்டு நிற்கும் ‘இரண்டாம் வகை’ செல்கள் நுண்ணறை சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் வழவழப்பான பொருளைச் சுரக்கின்றன. முதல் வகைச் செல் இறந்தால் பிரிந்து பெருகி அந்த இடத்தை நிரப்புவதும் இவைதான். இவற்றுக்கு மேலே விழுங்கு செல்கள் நகர்ந்து திரிந்து துகள்களைப் பிடித்து உண்கின்றன. கிருமியை உண்டால் விழுங்கு செல் அதைச் செரித்து அழித்துவிடும். உலோகத்தை எந்தச் செல்லாலும் செரிக்க முடியாது. துகள் கரைந்து, காட்மியம் அயனியாக வெளிவருகிறது.

அயனி செல்லுக்குள் நுழைவதற்கு வாசல் வேண்டும். காட்மியத்துக்கென்று நம் செல்கள் வாசல் எதையும் வைக்கவில்லை. மனித உடலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் தனிம வரிசை அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர்கீழே இருப்பது காட்மியம். 1817இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரோமையர் அதைக் கண்டுபிடித்ததும் ஒரு துத்தநாகச் சேர்மத்தில் கலந்திருந்த மாசாகத்தான். இரண்டும் இரு நேர்மின் சுமை கொண்டவை. வேதிக் குணத்தில் உடன்பிறப்புகள். அளவிலோ காட்மியம் கால்சியத்தை ஒத்திருக்கிறது. ஆகவே துத்தநாகத்துக்குத் திறக்கும் கதவிலும் கால்சியத்துக்குத் திறக்கும் கதவிலும் அது நுழைந்துவிடுகிறது.

அந்தக் கதவுகளில் முக்கியமான ஒன்று எலிகளின் வழியே தெரியவந்தது. சில இன எலிகளுக்குக் காட்மியம் விரையைச் சிதைக்கும். வேறு சில இனங்களுக்கு அதே அளவு ஒன்றும் செய்யாது. இந்த வேறுபாட்டின் மரபணுவைத் தேடிய அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2005இல் ‘ஜிப்-8’ என்னும் துத்தநாகக் கடத்திப் புரதத்தை அடையாளம் கண்டனர். நுரையீரல் செல்களிலும் இந்தக் கதவு உண்டு. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் வரும்போது நுரையீரல் செல் ஜிப்-8 கதவுகளை இன்னும் அதிகமாகச் செய்து வைக்கிறது. காயத்தை ஆற்றத் துத்தநாகம் தேவை என்பதே செல்லின் கணக்கு. காட்மியம் உள்ள காற்றில் அந்தக் கணக்கு தவறிப்போகிறது: முதல் துகள் மூட்டிய அழற்சி, அடுத்த துகளுக்குக் கூடுதல் கதவு திறந்துவிடுகிறது.

உள்ளே வந்த காட்மியம் முதலில் தேடுவது கந்தகத்தை. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகம் இருக்கிறது. காட்மியம் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட புரதம் வடிவம் குலைந்து வேலையை நிறுத்துகிறது. இதைத் தாங்கிக்கொள்ளும் முதல் அரண் குளுடாதயோன். மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சிறு மூலக்கூறு எல்லாச் செல்களிலும் ஏராளமாக உண்டு. நுரையீரல் அதை வெளியேயும் பூசி வைத்திருக்கிறது: நுண்ணறைகளை நனைக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் குளுடாதயோனின் செறிவு ரத்தத் திரவத்தில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேல். வரும் காட்மியத்தைத் தன் கந்தகத்தால் பிடித்துக்கொண்டு குளுடாதயோன் தானும் செலவாகிறது.

செலவான பிறகுதான் இரண்டாவது சேதம் தொடங்குகிறது. செல் மூச்சுவிடுவதன் பக்கவிளைவாக மைட்டோகாண்ட்ரியாவில் எந்நேரமும் சிறிதளவு வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தணிக்கும் பொறுப்பும் குளுடாதயோனுடையதுதான். இரும்பும் செம்பும் எலக்ட்ரானை மாறி மாறி வாங்கிக் கொடுத்து இத்தகைய மூலக்கூறுகளைத் தாமே உண்டாக்கும்; காட்மியத்தால் அது முடியாது. அது செய்வது மறைமுகமான வேலை. தணிக்கும் பொருளைத் தீர்க்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் ஓட்டத்தைத் தடுத்துக் கசிய வைக்கிறது. புரதங்களில் அடங்கியிருந்த இரும்பையும் செம்பையும் வெளியே தள்ளுகிறது. கொழுப்புப் படலங்களும் புரதங்களும் டி.என்.ஏ.வும் ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாகின்றன.

செல் இதை எப்படி உணர்கிறது என்பது உயிர்வேதியியலின் அழகான பகுதிகளில் ஒன்று. என்ஆர்எஃப்2 என்னும் புரதத்தைச் செல் ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. தயாரித்த உடனே அழித்தும் விடுகிறது. கீப்1 என்னும் இன்னொரு புரதம் அதைப் பிடித்து, ‘அழிக்கவேண்டியது’ என்று முத்திரை குத்தி அனுப்புகிறது. அமைதியான செல்லில் என்ஆர்எஃப்2வின் பாதி இருபது நிமிடத்துக்குள் மறைந்துவிடும். வீண்செலவாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் பயன் ஆபத்து நேரத்தில் தெரிகிறது. கீப்1 புரதத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சிஸ்டீன்கள் பல. காட்மியமோ வினைமிகு ஆக்சிஜனோ அவற்றைத் தொட்டால் கீப்1 முத்திரை குத்த முடியாமல் போகிறது. புதிதாக ஒன்றையும் செய்யத் தேவையில்லாமல், அழிக்கப்படாத என்ஆர்எஃப்2 அப்படியே குவிந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே நூற்றுக்கணக்கான காப்பு மரபணுக்களை இயக்குகிறது: குளுடாதயோனைத் தயாரிக்கும் நொதி, ஹீமைச் சிதைத்து ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் ஹீம் ஆக்சிஜனேஸ், நச்சை வெளியே இறைக்கும் புரதங்கள். கூடவே வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் கூடுகின்றன; வடிவம் குலைந்த புரதங்களைத் திருத்தி மடிப்பது அவற்றின் வேலை. என்ஆர்எஃப்2 மரபணு நீக்கப்பட்ட எலிகளைச் சிகரெட் புகையில் வைத்தபோது, சாதாரண எலிகளைவிட விரைவாகவும் கடுமையாகவும் அவற்றின் நுண்ணறைச் சுவர்கள் சிதைந்தன.

இன்னொரு காப்பு, உலோகங்களுக்கென்றே அமைந்தது. 1957இல் ஹார்வர்டில் மார்வின் மார்கோஷஸ், பெர்ட் வாலி இருவரும் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து காட்மியம் பொதிந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். மெட்டலோதயோனின் என்று பின்னர் பெயர்பெற்ற அந்தச் சிறிய புரதத்தில் அறுபதைச் சற்றே தாண்டிய அமினோ அமிலங்கள். அவற்றில் இருபது சிஸ்டீன். மூன்றில் ஒரு பங்கு கந்தகம் தாங்கிய இத்தகைய அமைப்பு வேறெங்கும் காண்பது அரிது. ஒரு மெட்டலோதயோனின் ஏழு காட்மியம் அயனிகளைத் தன்னுள் சுருட்டி வைத்துக்கொள்ளும்.

சாதாரண நாளில் அந்த ஏழு இடங்களிலும் துத்தநாகம் அமர்ந்திருக்கும். கந்தகத்தின் மீது துத்தநாகத்தைவிடக் காட்மியத்துக்குப் பற்று மிக அதிகம் என்பதால், அது வந்ததும் துத்தநாகத்தை எழுப்பிவிட்டு இடத்தைப் பிடிக்கிறது. எழுப்பிவிடப்பட்ட துத்தநாகம் எம்.டி.எஃப்.1 என்னும் புரதத்தோடு இணைய, அது உட்கருவில் மெட்டலோதயோனின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் புதிய மெட்டலோதயோனின் குவிகிறது. ஆக, செல் காட்மியத்தை நேராகக் கண்டுகொள்ளவே இல்லை. அது துரத்திய துத்தநாகத்தைப் பார்த்துத்தான் விழித்துக்கொள்கிறது. நுழையும்போது ஏமாற்றிய அதே ஒற்றுமை, உள்ளே வந்தபின் காட்டிக்கொடுக்கிறது. மெட்டலோதயோனின் இல்லாத எலிகள் காட்மியத்தை மிகக் குறைந்த அளவில்கூடத் தாங்குவதில்லை.

அளவு மீறினால் இந்தக் காப்புகள் அனைத்தும் சில மணி நேரத்தில் தோற்றுவிடும். காட்மியம் புகையின் கொடுமையே அது உடனே உறுத்தாததுதான். மூச்சு முட்டாது, கண் எரியாது. வேலை செய்பவர் வேலையை முடித்துவிட்டே எழுவார். 4 முதல் 10 மணி நேரம் கழித்துத் தொண்டை வறட்சி, காய்ச்சல், உடல்வலி, குளிர்நடுக்கம். பற்றவைப்பு வேலை செய்பவர்களுக்குத் துத்தநாகப் புகையால் வரும் சாதாரண உலோகப்புகைக் காய்ச்சலும் இப்படியே தொடங்கி, ஓரிரு நாளில் தானே தணிந்துவிடும். நோயாளியும் மருத்துவரும் அதுவென்றே எண்ணிவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. துத்தநாகத்தின் வேடம் இங்கே நோய்க்குறியிலும் தொடர்கிறது. காட்மியத்தில் காய்ச்சல் தணிவதற்குப் பதில் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்குகிறது.

அந்த நேரத்தில் நுண்ணறையில் நடப்பது இது. மெலிந்த முதல் வகைச் செல்கள் முதலில் இறக்கின்றன. பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் ஈ-கேடெரின் என்னும் புரதத்துக்குக் கால்சியம் தேவை. கால்சியத்தின் இடத்தில் காட்மியம் அமர, பிணைப்பு அவிழ்கிறது. இறந்த செல்லும் அவிழ்ந்த பிணைப்பும் விட்ட இடைவெளிகளில் ரத்தத் திரவம் காற்றறைக்குள் இறங்குகிறது. எஞ்சிய செல்கள் அனுப்பும் அபாயச் சமிக்ஞைகளைக் கேட்டு வெள்ளணுக்கள் திரண்டு வந்து, தாம் சுரக்கும் நொதிகளால் சேதத்தைப் பெருக்குகின்றன. பிழைத்தவர்களில் இரண்டாம் வகைச் செல்கள் வேகமாகப் பிரிந்து சுவரை மூட முயல்கின்றன. சிலருக்கு அந்த இடத்தில் தழும்பு மட்டுமே மிஞ்சுகிறது. பிரிட்டனில் செவர்ன் பாலக் கட்டுமானத்தில் காட்மியம் பூசிய போல்ட்டுகள் கொண்ட சட்டத்தைத் தீயால் அறுத்த ஐந்து தொழிலாளர்கள் இந்தப் புகைக்கு ஆளானதையும் அவர்களில் ஒருவர் இறந்ததையும் 1966இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. காட்மியம் இருந்தது முழு இரும்பில்கூட அல்ல, போல்ட்டுகளின் மேற்பூச்சில்.

இத்தகைய விபத்துகள் அரியவை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும் காட்மியமே அதிகம் பேரைப் பாதிக்கிறது. அங்கே செல்லின் வெற்றியே அதன் கேடாக மாறுகிறது. எலியின் நுரையீரல் செல்களைச் சிறிய அளவுக் காட்மியத்தில் நெடுநாள் வளர்த்தால், அவை மெட்டலோதயோனினையும் குளுடாதயோனையும் கூட்டிக்கொண்டு, பிற செல்களைக் கொல்லும் அளவையும் தாங்கப் பழகிவிடுகின்றன. முழு எலிகளிலும் அப்படியே. பழகிய செல் நலமான செல் அல்ல. ஆக்சிஜனேற்றத்தால் டி.என்.ஏ.வில் பழுதாகும் எழுத்துகளில் முக்கியமானது குவானின். அந்தப் பழுதை வெட்டியெடுக்கும் நொதியின் உற்பத்தியைக் காட்மியம் குறைத்துவிடுகிறது. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் வேறு சில புரதங்கள் துத்தநாகத்தைச் சுற்றி விரல்போல் மடிந்து நின்றால்தான் வேலை செய்யும்; அந்த விரலுக்குள்ளும் காட்மியம் புகுந்துகொள்கிறது. படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பும் தடைபடுகிறது.

டி.என்.ஏ.வை நேராகத் தாக்குவதில் காட்மியம் வலுவற்றது. அது செய்வது பழுதுபார்ப்பவர்களை வேலைக்கு வராமல் தடுப்பது. பழுது மிகுந்த செல் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ள வேண்டும் என்பது உடலின் விதி. பழகிய செல்லுக்குக் கிடைத்த கூடுதல் காப்பு அந்த மரணத்தையும் தள்ளிப்போடுகிறது. பழுதோடு பிழைத்து, பழுதோடு பிரிந்து பெருகும் செல்லிலிருந்துதான் புற்று தொடங்குகிறது. நுரையீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் கீப்1 மரபணுவே கெட்டு, என்ஆர்எஃப்2 நிரந்தரமாக விழித்திருப்பதைக் காணலாம்: செல்லைக் காத்த அதே ஏற்பாடு அங்கே கட்டியைக் காக்கிறது.

1983இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், கன மீட்டர் காற்றில் 12.5, 25, 50 மைக்ரோகிராம் காட்மியம் இருக்கும்படி செய்து 18 மாதங்கள் எலிகளைச் சுவாசிக்கவிட்டனர். நுரையீரல் புற்று முறையே நூற்றுக்கு ஏறத்தாழ 15, 53, 71 எலிகளுக்கு வந்தது. தூய காற்றைச் சுவாசித்தவற்றில் ஒன்றுக்கும் வரவில்லை. தொழிலாளர்களிடம் கிடைத்த சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, 1993இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் காட்மியத்தை வைத்தது. புற்று வராதவர்களுக்கும் விழுங்கு செல்கள் தளர்வதும், ஓயாத அழற்சியில் நுண்ணறைச் சுவர்கள் கரைந்து எம்ஃபைசீமா உண்டாவதும் நேர்கின்றன. புகைபிடிப்பவரின் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் காட்மியத்துக்கும் பங்குண்டு.

எல்லாக் கன உலோகங்களும் இதே வழியில் வருவதில்லை. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், சல்ஃபேட்டின் வேடம் போட்டு நுழைகிறது. செல்லின் குளுடாதயோனும் பிறவும் அதை மூன்று இணைதிறனாகக் குறைக்கும் வேளையிலேயே அது டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கிறது. மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலைபோலக் கிடக்கும் ராணிப்பேட்டைக்கு இது வெறும் பாடநூல் செய்தி அல்ல. ஆர்சனிக்கின் ஒரு வடிவம் பாஸ்ஃபேட்டைப் போல நுழைகிறது. அது குடிநீரில் வந்தாலும் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பதைச் சிலி நாட்டின் அன்டோஃபகஸ்டா நகரம் தன் மக்களை இழந்து அறிந்துகொண்டது. கரையாத நிக்கல் துகளைச் செல்லே விழுங்கிக்கொள்கிறது. உள்ளே கரைந்த நிக்கல், ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்துவிட்டதாகச் செல்லை நம்ப வைக்கிறது.

நுரையீரல் செல் அடைத்து வைத்த காட்மியம் அங்கேயே முடிந்துபோவதுமில்லை. செல் இறந்ததும் அது மெல்ல ரத்தத்தில் இறங்கி, கல்லீரல் வழியாக மெட்டலோதயோனினோடு சேர்ந்தே சிறுநீரகத்தை அடைகிறது. சிறுநீரகமும் அதே புரதத்தைக் கொண்டு அதை அடைத்து வைக்கிறது. அங்கிருந்து பாதி வெளியேற 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் இருப்பதுபோல உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து, நாள்பட்ட காட்மிய நஞ்சுக்குப் பயன் தருவதாக நிறுவப்படவில்லை. பிணைத்து வெளியே கொண்டுவரும் முயற்சியில் சிறுநீரகம் மேலும் கெடக்கூடும் என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கின்றனர். உள்ளே போன காட்மியத்தைப் பொறுத்தவரை மருத்துவத்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

காற்றைப் பொறுத்தவரை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அமெரிக்கத் தொழிலகங்களில் எட்டு மணி நேர வேலைக்குக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற உச்சவரம்பு 1992இல் வந்தது. மேற்சொன்ன எலிகள் சுவாசித்த மிகக் குறைந்த அளவிலும் பாதிக்குக் கீழே அது. இந்தியாவில் ஹால்மார்க் நகைக்கான தரவிதி காட்மியம் கலந்த பொடியை ஏற்பதில்லை. முகத்தில் கட்டிய துணி பெரிய தூசியைத் தடுக்குமே தவிர, மைக்ரோமீட்டருக்கும் சிறிய புகையைத் தடுக்காது. புகையை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வேண்டும். அதைவிட நல்லது, புகையே எழாமல் செய்வது. துத்தநாகமும் வேறு உலோகங்களும் கலந்த, காட்மியம் இல்லாத பொடிகள் சந்தையில் கிடைக்கின்றன. சிறு பட்டறை நடத்துபவர்கள் அவற்றை மட்டுமே வாங்கித் தர வேண்டும். காட்மியம் கலந்த பொடி கையில் மிச்சமிருந்தால் அதை இனி ஊதக் கூடாது.